பேசப் பேசக் கரையும் பேட்டரி

எலெக்ட்ரானிக் சிட்டியில் கேட் இல்லாத கட்டடம் கிடையாது. காவலர் இல்லாத கேட்டும் கிடையாது. பெங்களூருவிலிருந்து ஓசூர் போகும் சாலையில், நீண்ட மேம்பாலம் இறங்கும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். ஒரு காலத்தில் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்ற இரண்டு கிராமங்கள்தான் இங்கே இருந்தன. 1970-களின் கடைசியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கரில் மின்னணுத் தொழிற்சாலைகளுக்காக ஒரு பேட்டையை உண்டாக்கியது. கியோனிக்ஸின் முதல் தலைவர் ஆர். கே. பாலிகாவின் கனவு அது. இன்று மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடத்தில் ஏறினால் நேரே இங்கே வந்து இறங்கலாம்.

ஊர் பார்க்க வருகிறவர்கள் கண்ணாடிக் கட்டடங்களை அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் வந்தால் கேட்டில் நிற்கும் காவலரின் இடுப்பைப் பாருங்கள். பெல்ட்டில் ஒரு கறுப்புப் பெட்டி தொங்கும். மேலே குட்டையான ஆன்டெனா, பக்கவாட்டில் ஒரு பெரிய பட்டன். நாம் வாக்கி-டாக்கி என்கிறோம். அவர்கள் ‘செட்டு’ என்பார்கள். செல்போனைப் போல இதற்குக் கோபுரம் வேண்டியதில்லை, எண்ணை அழுத்த வேண்டியதில்லை. பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒரே சமயத்தில் இரண்டும் முடியாது. ஒருவர் பேச, அதே அலைவரிசையில் இருக்கும் எல்லாரும் கேட்பார்கள்.

அங்கே ஒரு வளாகத்தின் வாசலில் பாலக்கோட்டுப் பக்கத்துக்காரர் ஒருவர் இரவுப் பணியில் இருந்தார். செட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். “செட்டு நல்லாத்தான் இருக்குது சார். பேட்டரிதான் ராத்திரி ரெண்டு மணிக்கே படுத்துக்குது. பகல்ல நிக்கிறவனுக்கு அதே செட்டு, அதே பேட்டரி, பொழுதுக்கும் வருது. என்ன மாயமோ!” என்றார். பெரிய எண் போட்ட பேட்டரி வாங்கித் தரச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறாராம்.

மாயம் ஒன்றும் இல்லை. பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன்னால் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

செட்டுக்கு மூன்று நிலைகள் உண்டு. பட்டனை அழுத்திப் பேசும்போது அது ஆன்டெனா வழியாக வானொலி அலைகளை வீசுகிறது. காவலர்கள் வைத்திருக்கும் வகை பெரும்பாலும் 4 அல்லது 5 வாட் ஆற்றலோடு வீசும். ஆனால் 4 வாட் வெளியே போக வேண்டுமானால் பேட்டரி 10, 11 வாட் வரை கொடுத்தாக வேண்டும். மீதி வெப்பமாகப் போய்விடும். நீளமாகப் பேசிவிட்டு செட்டின் முதுகைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். இரண்டாவது நிலை கேட்பது. அலையைப் பிடித்து, பெருக்கி, ஒலிபெருக்கியை அதிரவைக்கக் கொஞ்சம் மின்சாரம் போதும். மூன்றாவது நிலையில் யாரும் பேசவில்லை, செட்டு சும்மா இருக்கிறது. சும்மா என்றால் முழுத் தூக்கம் கிடையாது. கண நேரம் விழித்து ‘யாராவது கூப்பிடுகிறார்களா?’ என்று பார்க்கும், இல்லையென்றால் உடனே உறங்கும். இப்படி விட்டு விட்டு விழிப்பதால் செலவு மிகக் குறைவு.

எவ்வளவு குறைவு? செட்டுக்குச் செட்டு மாறும். கணக்குக்காக ஒரு சாதாரண 4 வாட் செட்டை எடுத்துக்கொள்வோம். பேசும்போது அது 1500 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். கேட்கும்போது 300. சும்மா இருக்கும்போது 60. அதாவது ஒரு நிமிடம் பேசுவதற்கு ஆகும் மின்சாரத்தில் அது 25 நிமிடம் காத்திருக்கலாம்! இந்த மூன்று எண்களை ஓர் ஓரமாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியின் முதுகில் எம்.ஏ.ஹெச். என்று ஓர் எண் போட்டிருக்கும். மில்லி ஆம்பியர் மணி என்பதன் சுருக்கம். 2000 என்று போட்டிருந்தால், 2000 மில்லி ஆம்பியரை ஒரு மணி நேரம் தரும், அல்லது 200 மில்லி ஆம்பியரைப் பத்து மணி நேரம் தரும் என்று பொருள்.

செட்டு செய்பவர்கள் ‘எங்கள் பேட்டரி இத்தனை மணி நேரம் வரும்’ என்று சொல்வதற்கு உலகம் முழுவதும் ஒரு வழக்கமான அளவுகோல் இருக்கிறது. 5-5-90. நூறு பங்கு நேரத்தில் ஐந்து பங்கு பேச்சு, ஐந்து பங்கு கேட்பு, தொண்ணூறு பங்கு காத்திருப்பு. ஒரு மணி நேரத்தில் மூன்று நிமிடம் பேசி, மூன்று நிமிடம் கேட்டு, மீதி 54 நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பகல் காவலர் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கிறார். அவர் வேலை அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடுவது. எப்போதாவது ‘கேட் 2, ஒரு லாரி வருது, ஓவர்’ என்பதோடு சரி.

அவருடைய சராசரிச் செலவைக் கணக்கிடுவோம். 1500-இல் நூற்றுக்கு 5 என்றால் 75. 300-இல் நூற்றுக்கு 5 என்றால் 15. 60-இல் நூற்றுக்கு 90 என்றால் 54. மூன்றையும் கூட்டினால் 144 மில்லி ஆம்பியர். புத்தம்புது 2000 பேட்டரி என்றால் 2000-ஐ 144-ஆல் வகுக்க, கிட்டத்தட்ட 14 மணி நேரம். 12 மணி நேரப் பணிக்குத் தாராளம்.

இரவு அப்படி இல்லை. ஐ.டி. நிறுவனங்களில் ஷிப்ட் மாறும்போது கார்கள் வரிசையாக வந்து நிற்கும். கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில் இருப்பவர் மேலே இருப்பவரிடம் வண்டி எண்ணைச் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கான்கிரீட் கூரையைத் தாண்டி அலை சரியாகப் போகாது. அதனால் ‘கேக்கல, மறுபடி சொல்லுங்க’ என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும். நூற்றுக்கு 10 பேச்சு, 20 கேட்பு, 70 காத்திருப்பு என்று வைத்துக்கொண்டால் 150-உம் 60-உம் 42-உம் சேர்ந்து 252 மில்லி ஆம்பியர்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்தப் பேட்டரி புதியதல்ல. இரண்டு வருடம் தினமும் சார்ஜ் ஏறி இறங்கியது. அட்டையில் 2000 என்று இருந்தாலும் உள்ளே 1600 இருந்தால் அதிகம். 1600-ஐ 252-ஆல் வகுத்துப் பாருங்கள். ஆறே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். எட்டு மணிக்குப் பணியில் ஏறினால் இரண்டே கால் வாக்கில் செட்டு ‘பீப்’ என்று அழத் தொடங்கும். அதே கிழட்டுப் பேட்டரி பகலில் 1600-ஐ 144-ஆல் வகுத்த கணக்கில் 11 மணி நேரம் வருகிறது. பாலக்கோட்டுக்காரர் சொன்னது கிட்டத்தட்டச் சரி!

எனவே செட்டுக்குப் பேட்டரி தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எண் எவ்வளவு பெரியது?’ என்பதல்ல. ‘நீ எவ்வளவு பேசுவாய்?’ என்பதுதான். கடைக்காரர்கள் இதைக் கேட்பதே இல்லை.

இரண்டாவது கேள்வி, அந்தப் பெட்டிக்குள் என்ன சரக்கு இருக்கிறது என்பது. இதில் கதை பழையது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்காக கால்வின் என்ற நிறுவனம் கையில் பிடித்துப் பேசும் செட்டு ஒன்றைச் செய்தது. எஸ்.சி.ஆர். 536 என்று பெயர். கால்வின் நிறுவனத்தைத்தான் பின்னாளில் மோட்டோரோலா என்று உலகம் அறிந்தது. எடை சுமார் 2.3 கிலோ. அதற்கு ஆன், ஆஃப் சுவிட்சு தனியாகக் கிடையாது. ஆன்டெனாவை வெளியே இழுத்தால் உயிர் வரும், உள்ளே தள்ளினால் அணைந்துவிடும். அப்போது டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்படவில்லை. உள்ளே கண்ணாடி வால்வுகள் இருந்தன. வால்வைச் சூடாக்க 1.5 வோல்ட் போதும், ஆனால் அதை வேலை செய்யவைக்க 103.5 வோல்ட் வேண்டும். இது என்ன விசித்திரமான எண் என்று தோன்றுகிறதா? 103.5-ஐ 1.5-ஆல் வகுத்துப் பாருங்கள். 69 வரும். சின்னஞ்சிறு செல்கள் 69-ஐ ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து ஒரே பேட்டரியாகக் கட்டியிருந்தார்கள்! தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். சார்ஜ் ஏற்ற முடியாது.

செல்களை இப்படி வரிசையாகக் கோத்தால் வோல்ட் கூடும். இந்த விதியை வைத்துக்கொண்டு இன்றைய செட்டின் பேட்டரிக்கு வருவோம். சில பேட்டரிகளில் 7.2 வோல்ட் என்று போட்டிருக்கும், சிலவற்றில் 7.4 வோல்ட். இரண்டும் ஒரே செட்டுக்குப் பொருந்தும். எப்படி?

நிக்கல் வகைச் செல் ஒன்று 1.2 வோல்ட் தரும். ஆறு கோத்தால் 7.2. லித்தியம்-அயனிச் செல் ஒன்று சராசரியாக 3.7 வோல்ட் தரும். இரண்டு கோத்தால் 7.4. செட்டு செய்தவர்கள் முதலில் நிக்கலுக்காக வடிவமைத்தார்கள். பிறகு லித்தியம் வந்தபோது இரண்டே செல்லில் அதே இடத்துக்கு வந்து சேர முடிந்தது. தற்செயலாக வந்த வசதி என்றுதான் சொல்ல வேண்டும்.

நிக்கல்-காட்மியம் மூத்தது. 1899-இல் சுவீடனைச் சேர்ந்த வால்டெமர் யுங்னர் கண்டுபிடித்தது. முரட்டு ஆசாமி. குளிரில் உழைக்கும், சட்டென்று நிறைய மின்னோட்டம் கேட்டாலும் கொடுக்கும், பல நூறு முறை சார்ஜ் ஏற்றினாலும் தாங்கும். இரண்டு குறை. ஒன்று, காட்மியம் கொடிய நஞ்சு. ஜப்பானில் ஜின்சு ஆற்றில் சுரங்கத்துக் காட்மியம் கலந்து, அந்த நீர் பாய்ந்த வயலின் அரிசியைச் சாப்பிட்டவர்களின் எலும்புகள் நொறுங்கின. வலி தாங்காமல் அலறியதால் அந்த நோய்க்கு ‘இத்தாய்-இத்தாய்’ என்றே பெயர் வந்தது. ‘வலிக்கிறதே, வலிக்கிறதே’ என்று அர்த்தம். மற்றது, தினமும் கொஞ்சமாகப் பயன்படுத்திவிட்டு உடனே சார்ஜில் போட்டால் நிக்கல்-காட்மியம் சோம்பேறியாகிவிடும். கால்வாசி இறங்கியதுமே வோல்ட் சரிந்து ‘தீர்ந்தேன்’ என்று சொல்லும். இதை நினைவு விளைவு என்பார்கள். ‘முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும்’, ‘புது பேட்டரியை ராத்திரி முழுக்க சார்ஜில் வைக்கணும்’ என்று உங்கள் தாத்தா சொல்லியிருப்பாரே, அதெல்லாம் நிக்கல்-காட்மியம் காலத்து அறிவுரை. அப்போது சரி.

அடுத்து வந்தது நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு. 1990 வாக்கில் கடைகளுக்கு வந்தது. காட்மியம் இல்லை, அதே அளவுக்குக் கூடுதல் மின்சாரம் கொள்ளும். ஆனால் பழைய வகைகள் சும்மா வைத்தாலே ஒரு மாதத்தில் கால்வாசி காலியாகிவிடும். 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் சும்மா வைத்தால் அதிகம் கசியாத வகை ஒன்றைக் கொண்டுவந்த பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

லித்தியம்-அயனி 1991-இல் சோனியின் மூலம் சந்தைக்கு வந்தது. எடைக்கு எடை பார்த்தால் நிக்கல்-காட்மியத்தைப் போல மூன்று மடங்கு ஆற்றல். நினைவு விளைவு என்ற பேச்சே இல்லை. இதற்கு அடிப்படை போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது வயது 97. நோபல் வாங்கியவர்களிலேயே மூத்தவர். (அந்த வயதிலும் அவர் அடுத்த பேட்டரிக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.)

எலெக்ட்ரானிக் சிட்டிக் காவலருக்கு லித்தியம்-அயனிதான் பொருத்தம். இடுப்பில் கனக்காது. பெங்களூரின் தட்பவெப்பமும் அதற்கு ஒத்துவரும். லித்தியத்துக்குக் கடுங்குளிர் ஆகாது. உறைநிலைக்குக் கீழே போனால் சுருண்டுவிடும், அந்தக் குளிரில் சார்ஜ் போட்டால் உள்ளே பழுதாகும். இமயமலைப் பனியில் நிற்கும் வீரர் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்குவார். நம் காவலருக்கு அந்தக் கவலை கிடையாது. வெயில்தான் கொஞ்சம் எதிரி. பெங்களூருவிலேகூட 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி வரை போனது. வெயிலில் நிறுத்திய காருக்குள் செட்டை விட்டால் 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் முழுச் சார்ஜோடு கிடக்கும் லித்தியம் சீக்கிரம் கிழடாகிவிடும்.

இங்கே ஒரு கேள்வி வரலாம். கடிகாரத்துக்குப் போடும் சாதாரண அல்கலைன் செல் 1.5 வோல்ட் தருகிறதே, 1.2 வோல்ட் நிக்கலைவிட அதுதானே பலசாலி? நல்ல கேள்வி. கடிகாரத்துக்கு அதுதான் பலசாலி. செட்டுக்கு இல்லை. அல்கலைன் செல் வாய் குறுகிய குடம் மாதிரி. உள்ளே நிறையத் தண்ணீர் இருக்கும், ஆனால் கவிழ்த்தாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கடிகாரம் கேட்பது சொட்டுதான். செட்டின் பட்டனை அழுத்தியதும் ஒரு ஆம்பியருக்கு மேல் திடீரென்று கேட்கும். அப்போது அல்கலைனின் உள் தடை மறித்துக்கொள்ளும். 1.5 சரசரவென்று இறங்கி 1.2-க்கும் கீழே போய்விடும். அட்டையில் போட்ட மில்லி ஆம்பியர் மணியில் பாதிகூடக் கைக்கு வராது. நிக்கல் செல் அதே சுமையில் 1.2-ஐ விடாமல் பிடித்துக்கொண்டு கடைசி வரை நிற்கும்.

அதற்காக அல்கலைனை ஒதுக்கிவிடாதீர்கள். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்களும் ஊமையாயின. மின்சாரமே இல்லாத ஊரில் சார்ஜரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெட்டிக்கடையில் கிடைக்கும் அல்கலைன் செல் பல வருடம் அலமாரியில் கிடந்தாலும் உயிரோடு இருக்கும். அதனால்தான் சில செட்டுகளுக்கு ஐந்தாறு செல் போடும் காலித் தட்டு ஒன்று தனியாகக் கிடைக்கிறது. தினசரி வேலைக்கு லித்தியம், ஆபத்துக்கு ஒரு தட்டும் ஒரு பொட்டலம் அல்கலைனும் என்று வைத்துக்கொண்டால் போதும்.

சார்ஜரைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. லித்தியச் செல்லை 4.2 வோல்ட்டில் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஏற்றக் கூடாது. நிக்கல் சார்ஜர் வேறு மாதிரி யோசிக்கும். நிக்கல் செல் நிறைந்ததும் வோல்ட் ஒரு துளி இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் சார்ஜர் நிறுத்தும். லித்தியத்தை அந்தச் சார்ஜரில் போட்டால்? இறக்கம் வரவே வராது. அது ஏற்றிக்கொண்டே போகும். பேட்டரி உப்பும், புகையும், தீயும் பிடிக்கலாம். நல்ல லித்தியம் பேட்டரிக்குள் இதைத் தடுக்க ஒரு சிறிய காவல் சுற்று இருக்கும். மலிவுச் சரக்கில் அது இருக்கும் என்று நம்ப முடியாது.

மலிவுச் சரக்கு என்றதும் ஞாபகம் வருகிறது, அந்தப் ‘பெரிய எண் பேட்டரி’. பெங்களூருவில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு. இரண்டிலும் மின்னணுச் சாமான் எது வேண்டுமானாலும் கிடைக்கும். நல்லதும் உண்டு, புளுகும் உண்டு. புளுகைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு துப்பு தருகிறேன். லித்தியச் செல்லில் பரவலான வகை 18650. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிப் பூஜ்யம் உருளை வடிவம் என்பதற்கு. எடை 45 கிராமுக்கு ஒட்டி இருக்கும். நல்ல 18650 ஒன்று கொள்வது ஏறத்தாழ 3500 எம்.ஏ.ஹெச். அதன் மேல் 9900 என்று அச்சடித்திருந்தால் விலை விசாரிக்கக்கூட வேண்டாம்.

இன்னும் நுட்பமான புளுகு ஒன்று உண்டு. இரண்டு செல்லை வரிசையாகக் கோத்தால் வோல்ட் இரட்டிக்கும் என்று பார்த்தோம் அல்லவா? எம்.ஏ.ஹெச். இரட்டிக்காது! 2500 செல் இரண்டைக் கோத்தால் 7.4 வோல்ட், அதே 2500 எம்.ஏ.ஹெச். சிலர் அதைக் கூட்டி 5000 என்று அச்சடித்துவிடுவார்கள். மெலிந்த, கையில் எடுத்தால் காற்றாக இருக்கும் பேட்டரியில் 5000 என்று கண்டால் சந்தேகப்படுங்கள். ஒரு செல்லிலேயே உண்மையான 5000 வேண்டுமென்றால் 21700 என்ற பருத்த செல் வேண்டும். அது ஒன்றே 70 கிராம் இருக்கும். கடையில் தராசு இருந்தால் அதுவே சாட்சி. நம் நாட்டில் லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் முதுகில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயிண்ட், ரசாயனம், பெட்ரோல் ஆவி இருக்கும் தொழிற்சாலை என்றால் எண்ணை எல்லாம் பிறகு பார்க்கலாம். பேட்டரியைக் கழற்றும்போது வரும் ஒரு சிறு பொறி போதும், ஆவி பற்றிக்கொள்ளும். அங்கே பொறி உண்டாகாதபடி செய்து சான்று வாங்கிய தனி வகைச் செட்டும் பேட்டரியும்தான் நுழையலாம்.

இனி நம் இரவுக் காவலருக்கு என்ன வழி?

ஒரு வழி, பேச்சின் செலவைக் குறைப்பது. பெரும்பாலான செட்டுகளில் ஆற்றலைக் குறைக்கும் வசதி இருக்கிறது. 4 வாட்டை 1 வாட் ஆக்கினால் திறந்த வெளியில் தூரம் கால்வாசியாகிவிடும் என்று நினைப்பீர்கள். ஆகாது. அலை எல்லாப் பக்கமும் விரிவதால், ஆற்றல் நான்கில் ஒன்றானால் தூரம் பாதிதான் குறையும். ஒரு வளாகத்துக்குள் அந்தப் பாதித் தூரம் தாராளம். கீழ்த்தளத்துக்கு மட்டும் முழு ஆற்றல் வேண்டியிருக்கும்.

இன்னொரு வழி டிஜிட்டல் செட்டு. அதில் ஒரு வகை உங்கள் பேச்சைச் சுருக்கி, 30 மில்லி விநாடி அனுப்பும், அடுத்த 30 மில்லி விநாடி அனுப்புவதை நிறுத்தும், மறுபடி அனுப்பும். கேட்பவர் காதுக்கு இடைவெளி தெரியாது. விட்ட இடைவெளியில் இன்னொரு ஜோடி பேசிக்கொள்ளலாம். பட்டனை அழுத்தியிருக்கும் நேரத்தில் பாதி நேரம் அலை வீசும் பகுதி ஓய்வில் இருப்பதால், பேட்டரி 40 சதவீதம் வரை கூடுதலாக வரும் என்று செய்பவர்கள் சொல்கிறார்கள். விலை அதிகம். இருநூறு காவலர் இருக்கும் வளாகத்துக்குக் கட்டுப்படியாகலாம்.

எனக்குச் சரியாகப் படுவது மிகச் சாதாரணமான மூன்றாவது வழி. அவருக்கு 12 மணி நேரத்துக்கு வேண்டியது 252-ஐ 12-ஆல் பெருக்கிய 3024 எம்.ஏ.ஹெச். உண்மையான 2000 பேட்டரிகள் இரண்டு. தேய்ந்து ஆளுக்கு 1600 ஆனாலும் சேர்ந்து 3200. கணக்கு தீர்ந்தது. ஒன்று இடுப்பில், ஒன்று சார்ஜரில். ராத்திரி இரண்டு மணி வாக்கில் தேநீர் குடிக்கப் போகும்போது மாற்றிக்கொள்ள வேண்டியது. ஒரே பெரிய பேட்டரி என்றால் இரவெல்லாம் இடுப்பில் கனக்கும், மறுநாள் நிறையவும் நேரமாகும், அது கெட்டால் மொத்தமும் கெட்டது. இரண்டில் ஒன்று கெட்டால் மற்றது இருக்கிறது. பேட்டரியின் முதுகில் மார்க்கரால் ஒன்று, இரண்டு என்று எண்ணும் வாங்கிய மாதமும் எழுதிவிட்டால் எது கிழடு என்பதும் தெரிந்துவிடும். உயிர் போனதைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி தயாரிப்பவர்களே பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும்.

இவ்வளவு படித்ததும் உங்களுக்கு ஒரு செட்டு வாங்க ஆசை வந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள். இந்தியாவில் வானொலி அலைகளைக் கண்டபடி வீச முடியாது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சின்னஞ்சிறு பட்டையில் குறைந்த ஆற்றலில் இயங்கும் செட்டு போன்ற சிலவற்றுக்குத்தான் உரிமம் வேண்டாம். காவலர்களின் 4 வாட் செட்டுக்கு அவர்களின் நிறுவனம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் உங்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. 12 வயது நிறைந்திருந்தால் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலித் தேர்வை எழுதலாம். தேறினால் உங்களுக்கென்று ஓர் அழைப்புக் குறியீடு கிடைக்கும்.

அதுவரை ஒரு கணக்கு. உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் உடற்பயிற்சி ஆசிரியர் கையில் அதே 4 வாட் செட்டு. அவர் நூற்றுக்கு 20 பங்கு நேரம் பேசுகிறார், 20 பங்கு கேட்கிறார், மீதி 60 பங்கு விசில் ஊதுகிறார். விழா 6 மணி நேரம். அவருக்கு எத்தனை எம்.ஏ.ஹெச். வேண்டும்? 2376 என்று வந்தால் சரி. 7000-க்கு மேல் வந்தால் விசில் ஊதிய நேரத்தையும் பேச்சில் சேர்த்துவிட்டீர்கள்.